கேப்டனை உருவாக்கினது யாரு?

செத்த அந்தப் பேப்பரை மடிக்காமப் பிடிங்க தம்பி. பதினோராம் பக்கம். கிரிக்கெட்டுக்குக் கீழ. இன்னும் கீழ. மிக்ஸி விளம்பரத்துக்குப் பக்கத்துல தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ இருக்குல்லா? அவன்தான். பெனடிக்ட் மச்சாது. ‘இந்திய ரக்பி அணியின் முன்னாள் கேப்டன், இளம்பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக நியமனம்.’ வாசிச்சீங்களா? நாலு வரி. நாட்டுக்கே கேப்டனா இருந்தவனுக்கு நாலு வரி, மிக்ஸிக்கு அரைப் பக்கம். சரி, மிக்ஸியாவது அரைக்கும்.

அவனைத் தெரியுமாவா? நல்லாக் கேட்டீங்க. அவனை உருவாக்கினதே நான்தான்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நீங்க மருந்து ரெப்தானே, பையைப் பாத்தாலே தெரியுது. இந்த பஸ்ல ஜங்ஷன் வரைக்குமா? நான் பாளையங்கோட்டையில இறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். என் பேரு தங்கப்பழம். தூத்துக்குடியில ஒரே பள்ளிக்கூடத்துல முப்பத்திமூணு வருஷம் பி.டி. வாத்தியார். இப்ப முத்துநகர் ரக்பி சங்கத்துக்குச் செயலாளர்.

அவன் ஒம்பதாம் வகுப்பு படிக்கப்ப நான் புட்பால் டீமுக்கு ஆள் எடுக்கேன். கடற்கரைத் தெருவுல இருந்து நெட்டையா ஒருத்தன் வந்து நிக்கான். பந்து அவன் கால்ல ஒட்டவே மாட்டேங்கு. நாலு தரம் பாத்தான். அஞ்சாவது தரம் குனிஞ்சான், பந்தைக் கையில தூக்கிக் கக்கத்துல இடுக்கினான், ஓடுனான் பாருங்க. மூணு பேர் குறுக்க வந்தானுவ. மூணு பேரும் மண்ணுல. கோல் போஸ்டைத் தாண்டி சைக்கிள் ஷெட்டுக்குள்ள போய்த்தான் நின்னான். ‘ஏல மச்சாது, நீ எதுக்கும் லாயக்கு இல்ல, ஓடிப்போ’ன்னு விசிலைத் தூக்கி அவன் மேல எறிஞ்சேன்.

அன்னைக்கு நான் விரட்டலைன்னு வைங்க. ஜில்லா லெவல்ல புட்பால் ஆடி, துறைமுகத்துல ஒரு வேலை வாங்கி, தொப்பையைத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பான். நான் விரட்டினதுனாலதான பட்டாளத்துக்குப் போனான்? பட்டாளத்துக்குப் போனதுனாலதான ரக்பி? அப்ப உருவாக்கினது யாரு? நீங்களே சொல்லுங்க.

இதை ஒரு பேட்டியில சொல்லணும்லா? கிடையாது.

ரக்பின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. வெக்கப்படாதீங்க, எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடணும். எதிராளி நம்ம இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக் கீழ சாய்ப்பான். தப்பிச்சுப் போய் அந்தக் கோட்டுக்கு அப்பால பந்தைத் தரையில வச்சுட்டா அதுக்குப் பேரு ‘ட்ரை’. அம்புட்டு அடி வாங்கி ஜெயிச்சாலும் முயற்சி பண்ணினான்னுதான் எழுதுவாங்க. அப்படி ஒரு விளையாட்டு.

பட்டாளத்துல எவனோ ஒரு கர்னல் இவன் நெட்டையைப் பாத்துட்டுப் பந்தைக் கையில குடுத்திருக்கான். பதினோரு வருஷம் இந்தியாவுக்கு ஆடினான். அதுல ஆறு வருஷம் கேப்டன். கொழும்பு, பாங்காக், மணிலா, தாஷ்கண்ட். போன ஊருல எல்லாம் அடி. ஒரு ஆட்டம், எம்பத்தேழுக்கு மூணு. நம்ம மூணு. அந்த மூணும் இவன் உதைச்சது. பேப்பர்ல ‘இந்தியா போராடித் தோல்வி’ன்னு போட்டான். எம்பத்திநாலு வித்தியாசத்துல எங்ஙன தம்பி போராட? தாடை ஒடைஞ்சும் கடைசி இருபது நிமிசம் வெளிய வராம ஆடினானாம். யாரு ஆடச் சொன்னா?

அவன் கேப்டனானதுமே நான் சங்கத்தை ஆரம்பிச்சிட்டேன். ஆடுறதுக்கு ஆள் கிடையாது, பந்து கிடையாது. லெட்டர்பேடு இருந்தது. முத தடவை லீவுல ஊருக்கு வாரான்னு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பெரிய பிளக்ஸ் வச்சேன். படம் வேணும்லா? பிளக்ஸ் கடைக்காரப் பய கம்ப்யூட்டர்ல தேடி எடுத்துப் போட்டான். தலையில இரும்புக் கூடு மாட்டிக்கிட்டு ஒரு வெள்ளைக்காரன். அப்புறந்தான் சொல்லுதாங்க, அது வேற விளையாட்டாம், அமெரிக்காக்காரன் ஆடுறதாம். மச்சாது கீழ நின்னு அண்ணாந்து பாத்தான். ‘மூஞ்சி மறைஞ்சிருக்கது நல்லதுதான் சார், என் தாடை இப்ப பாக்க நல்லா இல்ல’ன்னான். கிண்டல்! ஓரத்துல என் படம் தெளிவா விழுந்திருந்தது. அது பொறுக்கல அவனுக்கு.

சரி. பட்டாளத்துல சுபேதாரா ரிட்டயர் ஆகி, முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால ஊரோட வந்து சேந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? பொம்பளப் பிள்ளைங்களுக்கு ரக்பி சொல்லிக் குடுக்கப் போறானாம். நேரா என் வீட்டுக்கு வந்தான்.

‘சார், பள்ளிக்கூட கிரவுண்டு சாயங்காலம் கிடைக்குமா?’

‘அங்க கிரிக்கெட் பிட்ச் இருக்குலே. பாழாப் போயிரும்.’

‘அப்ப வேற எங்கயாவது?’

உப்பளத்துக்குப் பக்கத்துல ஒரு பொட்டல் கிடந்தது. மொட்டைமாடித் தளம் மாதிரி தரை. ஒரு புல்லு முளைக்காது. ‘எவ்வளவு பெரிய கிரவுண்டு பாரு, உனக்குன்னே வச்சிருந்தேன்’னு லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, ‘ரொம்ப நன்றி சார்’ன்னான். அங்க விழுந்தா தோலு உரியும். உரிஞ்ச இடத்துல உப்பு ஏறும். அந்தப் பிள்ளைங்க முத வாரம் கத்தினது ஹார்பர் வரைக்கும் கேட்டிருக்கும். மூணு மாசத்துல என்ன ஆச்சு தெரியுமா? எங்க விழுந்தாலும் பந்து மாதிரி எழும்புதாளுவ. அதுக்குக் காரணம் அந்தத் தரை. தரை யாரு குடுத்தது?

ஜெர்சியும் நான்தான் அடிச்சுக் குடுத்தேன். முதுகுல ‘செயலாளர் தங்கப்பழம்’னு பெருசா. நம்பர் கீழ சின்னதா. நம்பர் தெரியலைன்னு ரெப்ரி சத்தம் போட்டான். கண்ணைச் சோதிக்க வேண்டியவன்லாம் ரெப்ரியா வாரான்.

இப்ப வருத்தப்படுற விஷயத்துக்கு வாரேன். நான் முப்பத்திமூணு வருஷம் உழைச்ச பள்ளிக்கூடம். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யாரு? மச்சாது. எனக்கு ரெண்டாவது வரிசையில, கரெண்ட் ஆபீஸ்காரருக்குப் பக்கத்துல சீட்டு. அவன் மைக்கைப் பிடிச்சு, ‘இந்த மைதானத்துலதான் நான் முதல் தடவையா பந்தைக் கையில தூக்கிட்டு ஓடினேன்’னான். எல்லாரும் கைதட்டினாங்க. நான் நிமிர்ந்து உக்காந்தேன். அடுத்தது என் பேருதான் வரணும்? வரல. ‘அன்னைக்கு ஒரு பெரியவர் என்னைச் சரியான பக்கம் திருப்பிவிட்டார்’னு சொல்லிட்டு வேற விஷயத்துக்குப் போயிட்டான். ஒரு பெரியவராம்! பேரைச் சொன்னா நாக்கு சுளுக்கிருமா?

அதுக்கு அடுத்த வாரம் பாத்துக்கிடுங்க, மேல உள்ள பெரிய சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கு. யாரு எழுதினதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. செயலாளர்ங்கிற முறையில நான் தீவிரமா விசாரிச்சேன். ஒருத்தனும் ஒத்துக்கிடல. ஆனா கடுதாசி நல்ல கடுதாசி தம்பி. எழுத்துப் பிழை ஒண்ணு கிடையாது. பத்தி பிரிச்சு, அழகா, கோர்வையா இருக்கும். மேற்படி மச்சாது பயிற்சியாளருக்கான முதல்நிலைச் சான்றிதழ்கூட இல்லாதவர், வலது முட்டி பழுதடைந்தவர், தலையில் பலமுறை அடிபட்டவர், இவரிடம் நம் பெண் குழந்தைகளை ஒப்படைக்கலாமா, ஆவன செய்யவும். எழுதினவர் யாரோ, விஷயம் தெரிஞ்சவர்.

அவங்க என்ன செய்வாங்க? சட்டம்னா சட்டம்தானே. பதினோரு வருஷம் நாட்டுக்கு ஆடினவன்கிட்ட ரெண்டு நாள் கிளாஸ்ல உக்காந்த சர்டிபிகேட் கிடையாது. மாநிலப் போட்டி பைனல் அன்னைக்கு ஆர்டர் வந்துட்டு. மச்சாது மைதானத்துக்குள்ள வரக்கூடாது, பிள்ளைங்களுக்கு எந்த யோசனையும் சொல்லக்கூடாது, சங்கப் பொறுப்பாளர் ஒருத்தர் பெஞ்சுல உக்காரணும்.

பொறுப்பாளர் யாரு? நான். எனக்கு மட்டும் ஆசையா? கடமைன்னு ஒண்ணு இருக்குல்லா.

திருச்சியில பைனல். எதிர்ல சென்னைப் பிள்ளைங்க. ஒவ்வொண்ணும் தென்னங்கன்னு மாதிரி. அவங்களுக்கு ஐஸ் வைக்க ஒரு டாக்டர், பிடிச்சுவிட ஒரு அம்மா. எங்களுக்கு ஒரு குடம் தண்ணி, நானு. டீம் கேப்டன் இசக்கியம்மா. உப்பளத்துல வேலை பாக்குற வீட்டுப் பிள்ளை, கட்டையா இருப்பா, சாய்க்க முடியாது. மச்சாது கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கான். கையைக் கட்டிக்கிட்டு. ஒரு சைகை கிடையாது. வாயைத் தொறக்கல. மரம் மாதிரி நிக்கான். இதுக்கு ஒரு கோச்சு!

நான் சும்மா இருப்பேனா? தொண்டை கிழியக் கத்தினேன். ‘முன்னால போடு! முன்னால போடு!’ ஒருத்தி கேக்கல. அம்புட்டுப் பேரும் பந்தைப் பின்னாலயே போடுதாளுவ. சொன்ன பேச்சுக் கேக்குற பழக்கமே கிடையாது. பிறவு ஒருத்தர் சொன்னார், முன்னால போட்டா தப்பாம். அதை முதல்லயே எழுதி ஒட்ட வேண்டியதுதானே?

பாதி ஆட்டத்துல பத்துக்குச் சைபர். நம்ம சைபர். பிள்ளைங்க வந்து வட்டமா உக்காந்தாளுவ. நான் ஒழுக்கம், கட்டுப்பாடுன்னு பேச ஆரம்பிச்சேன். இசக்கி மூச்சு வாங்கிக்கிட்டே, ‘சார், அதை அப்புறம் கேக்கோம். மொதல்ல தண்ணியை ஊத்துங்க’ன்னா. ஊத்தினேன். ஒவ்வொருத்திக்கா ஊத்திக்கிட்டே வந்தேன். இசக்கி வேலியைப் பாத்தா. அங்க மச்சாது அப்படியே நிக்கான். தலைகூட ஆட்டல. அவ மத்தவங்களைப் பாத்து, ‘சார் எதுவும் சொல்லலைன்னா எல்லாம் ஏற்கனவே சொல்லியாச்சுன்னு அர்த்தம், எழும்புங்கட்டி’ன்னா.

எந்த சாரைச் சொன்னான்னு நினைக்கீங்க? பெஞ்சுல இருந்தது நான்தான? நான் பேச ஆரம்பிச்சேன், அவ விடல. அப்ப எதுவும் சொல்லாத சார் நான்தான்.

பன்னெண்டுக்குப் பத்து. ஜெயிச்சிட்டாளுவ. கடைசி ட்ரை இசக்கி வச்சா. நாலு பேரை இழுத்துக்கிட்டே போனா தம்பி, ஒருத்தி கால்ல, ரெண்டு பேரு இடுப்புல, ஒருத்தி முதுகுல. நான் பெஞ்சு மேல ஏறி நின்னுட்டேன். ஏன் ஏறினேன்னு தெரியல. விசில் அடிச்சதும் அம்புட்டுப் பேரும் ஓடுனாளுவ. நான் கையை விரிச்சுக்கிட்டு நின்னேன். என்னைத் தாண்டிப் போய்க் கம்பி வேலியில விழுந்தாளுவ. வேலியே சாய்ஞ்சிட்டு. கப்பைக் கொண்டாந்து ஆள் இல்லாம என் கையில குடுத்துட்டாங்க. போட்டோக்காரன் வந்து, ‘கோச் யாரு?’ன்னு கேட்டான். நான் என்ன சொல்ல முடியும்? சுத்திப் பாத்தேன். பெஞ்சுல வேற யாரும் இல்ல.

மறுநாள் பேப்பர்ல நான். கப்போட. ‘பயிற்சியாளர் தங்கப்பழம்.’ சட்டம் போட்டு ஹால்ல மாட்டினேன்.

ஒரு வாரம் கழிச்சு மச்சாது வீட்டுக்கு வந்தான். வாழ்த்து சொல்ல வந்திருப்பான்னு பாத்தா, சட்டைப் பையில இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில வைக்கான். அந்த மொட்டைக் கடுதாசியோட நகல். பதில் எழுதச் சொல்லிக் குடுத்தாங்களாம்.

‘சார், இதுல ஒரு தப்பு இருக்கு’ன்னான்.

‘ஒரு பிழையும் கிடையாதே’ன்னேன்.

‘எனக்குப் போனது வலது முட்டி இல்ல சார். இடது முட்டி. மத்தபடி எல்லாம் சரியாத்தான் இருக்கு. தலையில அடிபட்டது உண்மை. சர்டிபிகேட் இல்லாததும் உண்மை.’

என் வீட்டுக்காரி மோர் கொண்டாந்து குடுத்தா. நின்னுக்கிட்டே குடிச்சான். ‘வாரேன் சார், வாரேன்க்கா’ன்னு போயிட்டான். கடுதாசியை எடுத்துட்டுப் போகல.

கேக்கேன் தம்பி, முட்டி எந்தப் பக்கம்னு என்கிட்ட எதுக்கு வந்து சொல்லணும்? எழுதினவன்கிட்டப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? என் வீட்டுக்காரி அந்தத் தாளை எடுத்து வாசிச்சா. ரெண்டு தடவை வாசிச்சா. ‘ஆவன செய்யவும்’ங்கிற இடத்துல நிறுத்தி என் மூஞ்சியைப் பாத்தா. மறுநாள் ஒட்டடை அடிக்கணும்னு ஹால்ல இருந்து அந்தப் போட்டோவைக் கழட்டினா. ரெண்டு வருஷமா ஒட்டடை அடிக்கா.

அதுக்குப் பிறவு அவன் சர்டிபிகேட் கிளாசுக்குப் போகணும்னு பாரம் கொண்டாந்தான். செயலாளர் பரிந்துரைக் கையெழுத்து வேணும். நான் மூணு வாரம் எடுத்துக்கிட்டேன். முழுசா வாசிக்கணும்லா? ஒரு பக்கந்தான், இருந்தாலும் பொறுப்பு இருக்கு. இருபது வயசுப் பயலுவளோட இவனும் பெஞ்சுல உக்காந்திருக்கான். எதிராளியை எப்படிச் சாய்க்கணும்னு வாத்தியார் ஒரு வீடியோ போட்டாராம். வீடியோவுல சாய்க்கிறவனே மச்சாதுதான்! வாத்தியார் திரும்பிப் பாத்தாராம். இவன் நோட்டுல குறிப்பு எடுத்துக்கிட்டு இருந்தானாம். நடிப்பு.

முதல் நிலை முடிச்சான். ரெண்டாம் நிலை முடிச்சான். இப்ப கோச்சுகளுக்கே கிளாஸ் எடுக்கான். இந்தப் பேப்பர்ல போட்டிருக்க வேலையும் கிடைச்சிட்டு. அடுத்த மாசம் போயிருவான், இனி வருஷத்துல பாதி நாள் வடக்கதான். சந்தோஷம்தான் எனக்கு. ஆனா புது விதி ஒண்ணு வந்திருக்கு பாத்துக்கிடுங்க. சர்டிபிகேட் உள்ள ஆள் பெஞ்சுல இல்லைன்னா டீமையே சேக்க மாட்டாங்களாம். பொறுப்பாளர் கிறுப்பாளர்லாம் செல்லாதாம். ஏதோ மொட்டைக் கடுதாசி வந்த பிறவு இறுக்கிட்டாங்களாம். எழுதின சவம் இதை யோசிச்சானா?

போன மாசம் இசக்கி வீட்டுக்கு வந்தா. வாசல்லயே நின்னா.

‘சார், எங்களுக்குப் பெஞ்சுல ஆள் இல்ல. நீங்க போய்ப் படிச்சிட்டு வாங்க.’

‘எனக்கு என்ன வயசுட்டி?’

‘அறுபத்திரெண்டு. கேட்டுட்டுத்தான் வந்தேன். வயசு தடை இல்லையாம்.’

‘மச்சாது சொல்லிவிட்டானா?’

‘இல்ல சார், நாங்களா பேசினோம். நீங்க தினம் சாயங்காலம் உப்பளத்துப் பக்கம் சைக்கிளை நிறுத்திட்டு நின்னு பாக்கீங்கல்லா? வேற யாரும் பாக்க வரதில்ல.’

காத்து வாங்கப் போவேன் தம்பி. எங்க போனாலும் கண்டுபிடிச்சிருதாளுவ. பாரத்தை நீட்டினா. வீட்டுக்காரி பேனாவை எடுத்துக் கையில குடுத்தா. நான் என்ன செய்ய?

அதான் போய்க்கிட்டு இருக்கேன். பாளையங்கோட்டை மைதானத்துல ரெண்டு நாள் கிளாஸ். நேத்து முதல் நாள். இருபத்திநாலு பேரு. எல்லாம் மீசை முளைச்சு மூணு வருஷம் ஆனவனுவ. கிளாஸ் எடுக்கது யாருன்னு நினைக்கீங்க? ஆமா. அவன்தான். என்னைப் பாத்ததும் எல்லாரையும் எழும்ப வச்சுட்டான். ‘இவங்க எங்க தங்கப்பழம் சார். புட்பால்ல இருந்து என்னை விரட்டினவங்க. இவங்க விரட்டலைன்னா நான் உங்க முன்னால இல்ல’ன்னான். இருபத்தி மூணு பேரு முன்னால இப்படி மானத்தை வாங்கலாமா? விரட்டினாங்கன்னா சொல்லுவாங்க? உருவாக்கினாங்கன்னு சொல்லத் தெரியல. முப்பது வருஷம் கழிச்சுப் பேரைச் சொன்னான், அதையும் ஒழுங்காச் சொல்லல.

நேத்துப் பாடம் கீழ விழுறது. விழுறதுக்கும் முறை இருக்காம். நாடியை நெஞ்சோட ஒட்டணும், தோளைக் குடுத்து உருளணும். ‘சார், நீங்க உக்காந்து பாத்தாப் போதும்’ன்னான். நான் உக்காந்து பாக்கவா ரெண்டு மணி நேரம் முன்னாலயே வந்து நிக்கேன்? சட்டைப் பையில இருந்த கண்ணாடியை எடுத்து ஒருத்தன்கிட்டக் குடுத்துட்டுப் போய் நின்னேன். என் இடுப்பைப் பிடிச்சான். பிள்ளையைத் தொட்டில்ல கிடத்துற மாதிரி பைய இறக்கினான். ‘இன்னொரு தடவை சார்’ன்னான். ஆறு தடவை. ஆறாவது தடவை கையை எடுத்துட்டான், எனக்குத் தெரியாது. நானே விழுந்திருக்கேன். உருண்டு எழும்பி நிக்கேன், ஒரு சிராய்ப்பு கிடையாது. எல்லாரும் கைதட்டுதானுவ. ‘சரியா விழுந்தீங்க சார்’ங்கான்.

அறுபத்திரெண்டு வயசு மனுசனை ஆறு தடவை கீழ போட்டுட்டுக் கைதட்டல். இதை எந்த ஆபீஸ்ல போய்ச் சொல்ல?

ஏ கண்டக்டர் தம்பி, பாளையங்கோட்டை வந்துட்டா? வழி விடச் சொல்லுங்க, நான் முத ஆளா இறங்கணும். ஒம்பது மணிக்குத்தான் கிளாஸ், இருந்தாலும் முன்னாலயே போயிரணும். இன்னைக்கு எதிராளியைச் சாய்க்கிற பாடம். ஆளுக்கு ஒரு ஜோடி சேத்துக்கிடணுமாம். நேத்து சாயங்காலம் கிளம்பையில, ‘சார், நாளைக்கு உங்களுக்கு யாரை ஜோடி போட?’ன்னு கேட்டான்.

‘வேற யாரு, நீதாம்ல’ன்னேன்.

பட்டாளத்துக்காரன் மாதிரி நிமிந்து நின்னு, ‘சரி சார்’ன்னான்.

வாரேன் தம்பி. பேப்பரை நான் வச்சுக்கிடட்டுமா? உங்களுக்கு எதுக்கு, மிக்ஸி விளம்பரந்தானே.